அம்மா அப்பாவிடம் சொன்ன காரணம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் டவுனுக்குப் போக வேண்டும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன பிள்ளை அதுவரை ஒன்றுகூட இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. தம்பியைப் பார்த்துக்கொண்டு, விறகு பொறுக்கிக்கொண்டு வீட்டில் இருந்தேன். இன்னும் கொஞ்ச நாளில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிவிடுவார்கள் என்பது எனக்கே தெரியும்.

ஒரு சாயங்காலம் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

"இந்தாங்க, நம்ம வாத்தியாரு இன்னக்கி என்னைய வழியில பாத்தாரு. இந்தப் புள்ளைக்கு நல்ல மூளையாம். வீட்டுல வச்சு வீணாக்காதீங்க, டவுன்ல சிஸ்டர்மாரு காலேஜில சேத்து விடுங்கன்னு சொன்னாரு. ஏழைப் புள்ளைங்களுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கயே குடுக்குறாங்களாம்."

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கைநாட்டுக்காரர். கழுவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாவா?"

"நான் என்ன, பொய்யா சொல்றேன்?"

அன்றிலிருந்து அவர் எவரைப் பார்த்தாலும் இதைத்தான் சொன்னார். வாத்தியாரே கூப்பிட்டுச் சொன்னாராம், மூளையுள்ள பிள்ளையாம். கேட்கக் கேட்க எனக்கும் அது நிச்சயமாகிவிட்டது. தண்ணீர்ப் பீலியடியில் குடத்தோடு நிற்கும்போதுகூட நான் மற்றப் பிள்ளைகளைப்போல இல்லை என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

கல்லூரி என்று பெயர் கொண்ட அந்தப் பெண்கள் பள்ளிக்கூடம் கருங்கல் கட்டடம். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். இலவசமாகத் தங்கிய நாங்கள் ஏழெட்டுப் பேர் விடியற்காலையில் சமைக்கிற குசினியைக் கழுவி, பாத்திரம் தேய்த்துவிட்டு வகுப்புக்குப் போவோம். முதல் வருடம் இங்கிலீஷ் சொல்லித்தரும் சிஸ்டர் ஒவ்வொருத்தியாக எழுப்பி, நீ ஏன் கல்லூரிக்கு வந்தாய் என்று கேட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய அப்பாவுக்கு அங்கே மின்சார நிலையத்தில் வேலை. டாக்டராகி ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வந்தேன் என்று இங்கிலீஷிலேயே அழகாகச் சொன்னாள். சிஸ்டருக்கு மகிழ்ச்சி.

அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்க்கையில் அவள் சொன்னாள்: "டாக்டராவது ஒண்ணாவது. அப்பா ரெண்டாவதாக் கட்டுன சின்னம்மாவுக்கு நான் வீட்டுல இருந்தா ஆகாது. லீவுக்குக்கூட வராதேன்னுட்டாரு எங்கப்பா. நீ எதுக்கு வந்த?"

"எனக்கு நல்ல மூளைன்னு எங்க வாத்தியாரு சொன்னாரு."

அவள் சிரிக்கவில்லை. "குடுத்து வச்சவ," என்றாள்.

பொகவந்தலாவைக் கடை முதலாளி மகள் ஒருத்தியும் எங்களோடு படித்தாள். கல்யாணம் பேசி முடிகிற வரைக்கும்தான் காலேஜ் என்று அவளே சொல்வாள். சொன்னபடியே இரண்டாம் வருடம் நடுவில் போய்விட்டாள். அவரவர் காரணம் இப்படி இருக்க, என் காரணம் ஒன்றுதான் படிப்பைப் பற்றியது என்று எனக்கு உள்ளூரக் கர்வம். அந்தக் கர்வத்தில்தான் படித்தேன். கணக்குப் பாடத்தில் சிஸ்டர் கேள்வி கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து நிற்பார். நான் யோசித்துச் சொல்லும்வரை வாய் திறக்கமாட்டார். நான் சொல்லப்போவதற்காக ஒரு பெரிய ஆள் அப்படிக் காத்திருந்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை. அதற்காகவே காலையில் எழுந்திருக்கத் தோன்றும். இங்கிலீஷும் மெல்ல மெல்லப் பிடிபட்டது.

மூன்றாம் வருடம், விடாத மழையில், வேலை நாள் ஒன்றில் அம்மா வந்து நின்றாள். தகப்பனுக்குச் சுகமில்லை, பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும் என்று சிஸ்டரிடம் சொன்னாள். நான் அழுதுகொண்டே துணிகளை மூட்டை கட்டினேன். பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போதும் அழுகை நிற்கவில்லை.

"அழாத. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் அம்மா. "அந்தக் கணக்கப்புள்ள போயிட்டான். வேற தோட்டத்துக்கு மாத்திட்டாங்க. இனிமே நீ வீட்டுல இருக்கலாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு நடந்தபடியே சொன்னாள். தேயிலை மலையில் ஆட்களிடம் வேலை வாங்குகிற அந்தக் கணக்கப்பிள்ளை, கொழுந்து நிறுக்கும்போது, உன் மகளை என் வீட்டுக் குசினி வேலைக்கு அனுப்பு என்று கேட்டிருக்கிறான். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு நாளும். அதற்கு முந்திய வருடம் பின் லயத்துப் பிள்ளை ஒன்று அதே குசினிக்குப் போனது. சில மாதத்தில் அதை அவசர அவசரமாக வேறு தோட்டத்தில் பெண்டாட்டி செத்த கிழவன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போனது எனக்கும் நினைவிருந்தது.

"முடியாதுன்னு அவன்கிட்டச் சொல்ல முடியுமா? ஒங்கப்பாகிட்டத்தான் சொல்ல முடியுமா? அவரு கையில கத்தி. ஒண்ணு அவன் செத்திருப்பான், இல்லாட்டி நாம எல்லாரும் ரோட்டுல நின்னிருப்போம்."

"அப்ப வாத்தியாரு சொன்னது?"

"வாத்தியாரு என்னத்தக் கண்டாரு. நானாத்தான் சொன்னேன்."

பஸ் வந்துவிட்டது. மற்றவர்கள் ஏறினார்கள். நான் ஏறவில்லை.

"நான் நல்லாப் படிக்கிறேம்மா. நெசமாவே படிக்கிறேன். சிஸ்டர்கிட்டக் கேட்டுப் பாரு."

"படிப்ப. யாரு இல்லன்னா?" அம்மா என் மூட்டையை வாங்கிக்கொண்டாள். "எனக்கு மலையேற முடியலடி. மாசக்கணக்கா ரத்தம் நிக்கமாட்டேங்குது. இத நான் யாருகிட்டச் சொல்றது? நீ என்ன, படிக்கவா போன? ஒன்ன ஒளிச்சு வைக்கத்தானே அனுப்பிச்சேன்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோலச் சொன்னாள். அவள் உதடு வெளுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பஸ்ஸில் ஏறினேன்.

அப்பா வேலை முடிந்து வந்து, வாசலில் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "என்ன தாயி, லீவா?" என்றார். நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னாள்: "வேணாம்னு அனுப்பிட்டாங்க. பரீச்சையில தேறலயாம்."

நான் நன்றாகப் படிக்கிறேன் என்ற உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாளே அவர் என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டிருப்பார். அம்மாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் மூட்டையை அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட்டேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "பரவால்ல. நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அவர் எவரிடமும் என் படிப்பைப் பற்றிப் பேசியதில்லை. பீலியடியில் கேட்டவர்களிடம் நானே தேறவில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

கொழுந்து எடுத்தேன். ஓய்வு கிடைத்ததில் அம்மாவுக்கு உடம்பு ஓரளவு தேறி, மறுபடி மலைக்கு வந்தாள். என்னை மறுபடி கல்லூரிக்கு அனுப்புகிற பேச்சு எழவில்லை. எனக்குக் கல்யாணமும் கூடிவரவில்லை. யார் இந்தியாவுக்குப் போவது, யார் இலங்கையிலேயே இருப்பது என்று லயமெங்கும் ஒரே பேச்சாக இருந்த நாட்களில் அப்பாவுக்கு வயிறு வீங்கியது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஒரு காலை டாக்டர் கட்டிலருகே நின்று நர்ஸிடம் இங்கிலீஷில் பேசினார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, அதிகம் போனால் இரண்டு வாரம், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், கட்டில் வேறு ஆளுக்கு வேண்டும் என்றார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

"என்ன சொல்லிட்டுப் போறாரு?" என்றார் அப்பா.

"நல்லாயிடுமாம்ப்பா. வீட்டுக்குப் போகலாமாம்."

அவர் சிரித்து என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஒனக்கு அதெல்லாம் வெளங்காது தாயி. அந்தா அந்த ஆளக் கேளு."

வார்டு துடைத்துக்கொண்டிருந்த சிங்கள ஆளைக் காட்டினார். அப்பாவே அரைகுறைச் சிங்களத்தில் கேட்டார். அந்த மனிதர், "கெதர யன்ட புளுவன்," வீட்டுக்குப் போகலாம், என்றார். அப்போதுதான் அப்பா நம்பினார்.

எனக்கு விளங்கும் அப்பா, நான் தேறாமல் வரவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் ஏன் வந்தேன் என்று கேட்பார். ஏன் போனேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். தன் வீட்டுக்குள் நடந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்ற நினைப்போடு அவர் கண்ணை மூட வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன். அம்மா கால்மாட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் அவர் அதிக நாள் இருக்கவில்லை. கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போனபிறகு அம்மா கேட்டாள்.

"அன்னக்கி அந்த டாக்டரு நெசமா என்னதான் சொன்னாரு?"

சொன்னேன்.

"ஒனக்கு அப்பவே வெளங்குச்சா?"

"வெளங்குச்சு."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் இரண்டு பேரும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், கொழுந்து எடுக்க ஆளுக்கொரு தேயிலை நிரை வாங்கிக்கொண்டு மலையேறினோம்.