இல்லை என்று எழுதிய நோட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அரியலூருக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். இளம் வயதிலேயே ஈறு கரைந்து பல் விழுவது ஏன் என்று ஆராய்பவர். பதினாறு வயது மகனை அழைத்துப் போனேன்; வரிசையில் பதினோராவது ஆள்.

"பல்லு சுத்தமாத்தான் இருக்கு, ஆனா நாலு ஆடுதே! வூட்டுல வேற யாருக்காவது உண்டா? இருந்தா மத்த பிள்ளைங்களையும் இப்பவே பாத்துடலாம். முன்னாடியே பாத்தா சிலருக்குப் பல்லு நிக்குது."

காலமான என் மனைவிக்கு இருபது வயதிலேயே ஒன்பது பல் விழுந்தது. ஆனால் மகளைப் பெண் கேட்டிருந்த விக்கிரமங்கலத்துக்காரர் மூன்றடி பின்னால் நின்றிருந்தார்.

"யாருக்கும் இல்லீங்க."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் நோட்டில் 'இல்லை' என்று எழுதினார். கல்யாணம் நடந்தது.

மூன்றாம் வருடம் மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தனியாக வந்து நின்றாள். எண்ணினேன், ஏழு பல் இல்லை.

"மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீங்கன்னு அனுப்பிட்டாங்கப்பா. நீங்க ஏன் மறைச்சீங்க?"

டாக்டருக்கு உண்மையை இரண்டு முறை எழுதினேன். இரண்டு கடிதங்களும் ஆள் இல்லையென்று திரும்பி வந்தன.

யாருக்கோ மருந்து தேடிய அந்த நோட்டில் என் வீடு இன்னும் நோயில்லாத வீடுதான்.