காப்பி குடிக்காமல் போன டிரைவர்

எழுபத்து நாலாம் வருஷம், தசரா சமயம். தூத்துக்குடி பஜாரில் புதுக் கயிறு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, திருச்செந்தூர் ரோட்டில் வீட்டைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். எனக்குச் சங்கு குளிக்கிற தொழில். மழை ஓய்ந்து கடல் தெளிந்துவிட்டால் குளிப்பு தொடங்கிவிடும். அதற்குத்தான் கயிறு.

பின்னால் கார் வருகிற சத்தம் கேட்டது. நான் ஓரமாகத்தான் போனேன். அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம், ரோட்டோரப் பள்ளத்தில் மல்லாந்து கிடக்கிறேன், கயிறு ஒரு பக்கம் கிடக்கிறது, வலது கால் என்னுடையது மாதிரியே இல்லை.

காரில் இருந்தது டவுனில் பெரிய கடை வைத்திருக்கும் ஒரு முதலாளியும் அவர் குடும்பமும். குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலாளி இறங்கவில்லை. "உசிரு இருக்குல்லா, பின்னால வார வண்டிக்காரன் ஏத்திக்கிடுவான். நீ எடு" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. டிரைவர் எடுக்கவில்லை. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர்களை இறங்கச் சொன்னார். அம்மனுக்குக் கொண்டுபோன மாலையும் பட்டும் ரோட்டோரத்தில் இறங்கின. நான் ரத்தத்தோடு அந்தச் சீட்டில் ஏறினேன்.

பெரியாஸ்பத்திரியில் தொடை எலும்பு முறிந்துவிட்டது என்றார்கள். காலில் எடைக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சங்கு குளிக்க நாங்கள் இறங்குவதும் ஒரு கல்லைத் துணைக்கு வைத்துத்தான். "கடல்ல எறங்கவும் கல்லு, கட்டில்ல படுக்கவும் கல்லா" என்று என் மனைவி அழுகைக்கு நடுவில் சொன்னாள். அவள் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போகிறவள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மத்தியான நேரத்தில் அவளால் வர முடியாது.

அந்த மத்தியானச் சோறு டிரைவர் வீட்டிலிருந்து வந்தது. அவர் சாத்தான்குளம் பக்கத்துக்காரர், கடல் இல்லாத ஊர்; குடியிருந்தது டவுனில். அவர் மனைவி தூக்குச் சட்டியோடு தினமும் நடந்து வருவார். "மீன் இல்லாம ஒங்களுக்குச் சோறு எறங்காதே அண்ணாச்சி" என்று வருத்தப்பட்டு, ஒரு நாள் மீன் குழம்பே வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மீன் முழுக்கக் கரைந்து முள்தான் மிச்சம். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். சாயங்காலம் வந்த என் மனைவி சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது கொழம்பா, முள்ளு ரசமா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளைப் பார்த்தபோது, எப்போது மீனைப் போட வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது குளிப்பு தொடங்கியிருந்தது. வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, முட்டி சரியாக மடங்கவில்லை. கல்லில் காலை ஊன்றித்தான் கடலுக்குள் இறங்க வேண்டும், அடியிலிருந்து காலை உதைத்துத்தான் மேலே வர வேண்டும். இரண்டும் இனி முடியாது. வேறு தொழில் எனக்குத் தெரியாது. விடியற்காலையில் மற்றவர்கள் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்கும்போது போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.

என் மைத்துனன் ஒரு வக்கீலை விசாரித்து வந்தான். கார் மோதிக் கால் போனால் நஷ்ட ஈடு கேட்டு மனுப் போடலாமாம். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் கடற்கரையில் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அந்த வீட்டோடு வழக்குக்குப் போக மாட்டோம். பகை இருந்தால் அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொட மாட்டோம். சாப்பிட்டுவிட்டால் பகை தீர்ந்தது என்று அர்த்தம். நான் அந்த டிரைவர் வீட்டுச் சோற்றை வாரக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன். அவர் பெயரைக் கோர்ட்டில் எப்படி எழுதிக் கொடுப்பது?

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தச் சோத்துக்கு வெலையா உம்ம காலையே குடுத்துட்டீரா? ரெண்டு பொட்டப் பிள்ளைய வச்சிக்கிட்டு நாளைக்கு எங்கன போய் நிப்பீரு?" என்று கேட்டாள். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். கடலுக்குள் மூச்சை அடக்குவது எனக்குச் சுலபம், கரையில் வாயைத் திறப்பதுதான் கஷ்டம்.

தை மாதத்தில் ஒரு நாள் டிரைவரே வீட்டுக்கு வந்தார். வாசல்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. மனைவி காப்பி கொண்டுவந்தாள். "வேண்டாம்மா" என்றார். தண்ணீராவது குடியுங்கள் என்று நான் சொன்னேன். அதுவும் வேண்டாம் என்றார்.

"அண்ணாச்சி, நீங்க கேஸ் போடுங்க. எம் பேரையும் சேத்தே போடுங்க" என்றார். தன் கையிலிருந்து எதுவும் போகாது, காருக்கு முதலாளி வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறார், கொடுக்க வேண்டியது அந்தக் கம்பெனிதான் என்று விளக்கிவிட்டுப் போய்விட்டார். என் மனைவியைப் பார்க்க அவர் மனைவி வந்துகொண்டிருந்ததும் அதோடு நின்றுபோனது.

அவர் சொன்ன விஷயத்தைவிட, அவர் தொடாமல் விட்ட காப்பிதான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. "அவுக சோத்த நீரு தின்னீரு, நம்ம வீட்டுத் தண்ணி அவுகளுக்கு எறங்கலையோ?" என்றாள் மனைவி. கருவாட்டு வீச்சம் பிடிக்கவில்லையோ, எங்கள் ஆட்கள் கைப்பட்டது ஆகாதோ என்று என் மனதிலும் ஓடியது. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனுப் போட நான் சம்மதிக்கவில்லை.

பங்குனியில் மறுபடியும் வந்தார். நல்ல உச்சி வெயில், மணலில் கால் வைக்க முடியாது. மனுப் போட்டாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆறு மாதம் தாண்டினால் கோர்ட்டில் வாங்க மாட்டார்கள், விசாரித்துவிட்டுத்தான் வருகிறேன் என்றார். வேர்த்து ஊற்றியது, நாக்கு வறண்டு பேச்சே சரியாக வரவில்லை. மனைவி செம்பை நீட்டினாள். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனவர், தெரு முனையில் குழாயடியில் குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். வாசலில் நின்று நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

மனைவி செம்பைத் தரையில் வைத்த வேகத்தில் தண்ணீர் சிதறியது. "பாத்தீரா? தெருத் தண்ணி ஆகுது, நம்ம தண்ணி ஆகல. இது பகைதான். நாளைக்கு மொதலாளி பக்கம்தான் சாட்சி சொல்லுவான், இருந்து பாரும்" என்றாள். பகை என்று ஆன பிறகு எனக்கும் தயக்கம் போய்விட்டது. மறுநாளே வக்கீலிடம் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. விசாரணை நாளில் நான் கூண்டில் ஏறினேன். சின்ன வயதிலிருந்தே பெரிய மனிதர்கள் எது சொன்னாலும் முதலில் "ஆமாய்யா" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் யோசிப்பேன். அன்றைக்கும் அதுதான் நடந்தது. ரோட்டில்தானே நடந்து போனீர் என்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்டார். ஆமாய்யா என்றேன். தோளில் கயிற்றுச் சுமை, நீர் திரும்பியே பார்க்கவில்லை, அப்படித்தானே? ஆமாய்யா. கார் வரும்போது நடுவில் வந்துவிட்டீர், இல்லையா? அதற்கும் ஆமாய்யா என்று வாய் சொல்லிவிட்டது. இல்லை என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் உட்காரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வக்கீல் நெற்றியைத் தடவினார். பின்னால் பெஞ்சில் இருந்த மனைவியை நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் பிள்ளைகளின் சோற்றை என் வாயாலேயே தட்டிவிட்டேன் என்று புரிந்தது.

அடுத்துக் கூப்பிட்டது டிரைவரை. முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். நான் ஓரமாகத்தான் போனேன், தப்பு தன் மேல்தான் என்றார். பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று முதலாளி பின்னால் இருந்து சத்தம் போட்டார், பதில் சொல்லத் தான் தலையைத் திருப்பியதில் வண்டி ஓரத்துக்குப் போய்விட்டது என்றார்.

கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கம்பெனி வக்கீல் எழுந்து, நீங்கள் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து பணத்துக்காகப் பொய் சொல்லுகிறீர்கள் என்றார். ஆஸ்பத்திரிக்கு உம் மனைவி சோறு கொண்டுபோனாரா இல்லையா என்று கேட்டார்.

"கொண்டு போனா. இடிச்சது நான். கஞ்சி ஊத்த வேற யாரு வருவா?"

"அப்படியென்றால் நீரும் அவர் வீட்டுக்குப் போய் வருவீர். அங்கே சாப்பிடுவீர்."

"ரெண்டு தடவ போனேன். இந்த நிமிஷம் வரைக்கும் அந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லய்யா. அந்த அம்மா பின்னாலதான் இருக்காங்க, கேட்டுக்கிடுங்க. நீட்டுன காப்பிய வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஏன் குடிக்கவில்லை என்று அவரே கேட்டார்.

"குடிச்சிருந்தா இன்னைக்கு நான் சொல்லுத சொல்லு நிக்காதுல்லாய்யா. காப்பிக்குச் சொல்லுதான்னு ஆயிரும்."

அப்போதுதான் நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஆனால் சாட்சி சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே டிரைவருக்கு வேலை போய்விட்டது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். சில மாதம் கஷ்டப்பட்டு, அப்புறம் சாகுபுரம் பக்கம் ஒரு லாரியில் டிரைவராக ஏறினாராம். வந்த பணத்தில் நான் கடற்கரையில் சின்னக் கடை போட்டேன். வலை நூலும் தூண்டில் முள்ளும் விற்கிறேன். வாய் அதிகம் தேவைப்படாத வியாபாரம்.

பணம் கைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நாங்கள் திரும்பியபோது, டிரைவரும் அவர் மனைவியும் எங்கள் வாசலில் நின்றார்கள். அதே படியில்தான் அவர் நின்றார்.

"மதினி, இப்பம் தண்ணி தாங்க" என்றார். அதுவரைக்கும் அவர் என் மனைவியை மதினி என்று கூப்பிட்டதில்லை.

"எங்க தண்ணி உமக்கு எறங்குமா? கொழா அங்கனதான இருக்கு" என்று மனைவி சொன்னாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் ஒரு செம்பு கேட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். "மீன் முழுசா இருக்கே மதினி, இத எப்படிக் கொழம்புன்னு சொல்லுதிய?" என்று அவர் மனைவி கேட்டார். பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள்.

இப்போதும் என் கடைக்கோ வீட்டுக்கோ வருகிறவர் யாராவது காப்பி வேண்டாம் என்றால் எனக்கு வருத்தம் வருவதில்லை. அவருக்கு என்ன காரணமோ, அது என் நன்மைக்காகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு தம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன்.