வாய் திறந்த மட்டி

மட்டிச் சிப்பியில் நல்லது கெட்டது பார்ப்பதில் எனக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. மட்டியின் ஓட்டை விரலால் தட்டுவேன். உயிருள்ளது வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். அவித்த பிறகும் திறக்காததை எறிந்துவிடுவேன். மண்டூர்ப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த சோதனை அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் மாதிரி நடந்துகொண்டேன்.

தங்கைக்கு அப்போது ஐந்து மாதம், முதல் பிள்ளை. "அக்கா, மட்டி திங்கோணும் போல கிடக்கு" என்றாள். மாரி மழையில் வாவித் தண்ணீர் உப்பில்லாமல் போயிருந்த காலம். வயல் வட்டையில் களைநாசினி அடித்து நாலைந்து நாள்தான். வயல் தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியே வாவிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில் மீன்குஞ்சுகள் செத்து மிதந்ததைக் கண்டேன். கண்டுவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் இறங்கினேன். தண்ணீருக்கு நடுவில் வேலியா கட்டியிருக்கிறார்கள்?

தட்டினேன், எல்லாம் மூடின. அவித்தேன்; எல்லாம் திறந்தன. மட்டி உயிரோடு இருந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. அது குடித்த தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

தங்கை ஆசை தீரச் சாப்பிட்டாள். பின்னேரமே வாந்தி, வயிற்றோட்டம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை இல்லாமல் போனது. மட்டியால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். பட்டப்பகலில் சட்டிக்குள் ஓடுகள் உரசும் சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் வெறும் அடுப்பு.

மீன்குஞ்சுகளைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் தங்கை செட்டிபாளையத்தில் இருந்து எனக்குப் போன் எடுத்தாள். அவளுக்கு மறுபடியும் ஐந்து மாதம்.

"எனக்கு மட்டி வேணும் அக்கா. நீ பாத்து எடுத்தாத்தான் பயமில்லாமத் திம்பன்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. செத்த மீன்களைக் கண்டது, தள்ளிப் போய் இறங்கியது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"தெரியாமச் செய்திட்டன்" என்றேன்.

அவள் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"தெரியாமத்தான் எண்டா, அண்டைக்கு நீ ஏன் அக்கா ஒரு மட்டியும் வாயில வைக்கல்ல?"

சட்டி நிறைய இருந்தது. எனக்கும் மட்டி என்றால் உயிர்.