வம்ச மரத்தில் இடம் கிடைக்காத மாமாக்கள்

இந்த வருஷ ஆரம்பத்தில் என் தம்பி செல்வத்துக்கு ஒரு காகிதம் வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் அவனுடைய மரபணுவைச் சோதித்துவிட்டுக் கொடுத்த முடிவு. 'மாற்றம் ஒன்று இருக்கிறது. அது கெடுதல் செய்யுமா, செய்யாதா என்று தெரியவில்லை.'

தெரியவில்லையாம்! இதைச் சொல்வதற்கா இத்தனை மாதம்?

விஷயம் இதுதான். பாசிர் கூடாங்கில் வெல்டராக இருக்கும் செல்வத்துக்கு இதயத் தசை தடித்துப் போயிருக்கிறது. மாத்திரையில் சமாளிக்கிறான். கவலை அவனைப் பற்றியதல்ல, அவன் மகள் திவ்யாவைப் பற்றியது. பதினாறு வயது. நானூறு மீட்டர் ஓட்டக்காரி. அவளுக்கும் அது வந்திருக்குமோ? ஸ்கேன் எடுத்தார்கள், இதயம் நன்றாகவே இருந்தது. "ஓடட்டும், வருஷா வருஷம் அழைத்து வாருங்கள்" என்றார் டாக்டர். ஆனால் திவ்யாவின் அம்மா கவிதா, ஓட்டக் காலணிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"தெரியலன்னு எழுதிக் குடுத்தவங்களே ஓடலாம்னு சொன்னா... நான் எத நம்புறது அண்ணி?"

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு மூச்சுவிடாமல் புத்தி சொல்கிற நான், பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டு ஹாலில் கார் சாவியைத் தேடத் தொடங்கினேன்.

செல்வத்தை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன்? அங்கே மரபணு ஆலோசகர் புவான் ரோஸ்னா, மலாயில் பொறுமையாக விளக்கினார். ஒருவரிடம் உள்ள மாற்றம் கெட்டதா என்று அறிய, நோயில்லாதவர்களிடமும் அது இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ஆரோக்கியமான பலரிடம் அது இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், ஒப்பிடுவதற்காக உலகம் சேர்த்து வைத்திருக்கும் தகவல்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். தமிழர்கள் சொற்பம்.

எனக்குச் சுருக்கென்றது.

காட்டை அழித்து ரப்பர் நட்டோம். ரப்பரை எடுத்துவிட்டுச் செம்பனை நட்டோம். இந்த ஜொகூரில் நாங்கள் கால் வைக்காத மூலை எது? கணினிக்குள் மட்டும் எங்களைக் காணோமாம். யாரோ எங்களைச் சேர்க்க மறந்ததற்கு, என் தம்பி மகள் எதற்கு வீட்டில் உட்கார வேண்டும்?

"சரி, எங்ககிட்டேருந்து என்ன வேணும்? சொல்லுங்க" என்றேன்.

முதலில் குடும்ப மரம் வேண்டும் என்றார். பெரிய தாளை விரித்தார். நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன். அம்மா பக்கம் ஒன்பது மாமாக்கள்... அதில் காத்தமுத்து மாமா, தோட்டத்துத் திடலில் பந்து விளையாடும்போதே சுருண்டு விழுந்து இறந்தவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

புவான் ரோஸ்னா நிமிர்ந்து உட்கார்ந்தார். காத்தமுத்து மாமாவுக்குப் போட்ட கட்டத்தை, அதே இதய நோயாக இருக்கலாம் என்று கறுப்பாக நிரப்பினார். அப்போதுதான் செல்வம் என் முழங்கையை இடித்தான்.

"அலமாக்... அக்கா, அம்மாகூடப் பொறந்தது ரெண்டு பேருதானே?"

ஆமாம், இரண்டு பேர்தான்! மீதி ஏழு பேரும் தோட்டத்து லயத்தில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரே வரிசை வீடு, ஒரே தண்ணீர்க் குழாய். பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்டவர்களை இன்றைக்குத் திடீரென்று ரத்தமா இல்லையா என்று பிரிக்கச் சொன்னால்? என் காதுகுத்துக்கு மடி கொடுத்தது காத்தமுத்து மாமாதான். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் எங்கள் ரத்தம் இல்லை என்பது அந்த நாற்காலியில் உட்காரும்வரை என் நினைவிலேயே இல்லை.

கட்டங்கள் ஒவ்வொன்றாக அடிபட்டன. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. புவான் ரோஸ்னா என்ன நினைத்தாரோ, பேனாவைக் கீழே வைத்தார்.

"மற்ற ஆறு பேரும் ஆரோக்கியமாக இருக்கிறார்களா?"

"கல்லு மாதிரி இருக்காங்க."

"ரத்த சம்பந்தம் இல்லாத, இதய நோய் இல்லாத தமிழர்கள். எங்கள் ஆய்வுக்குத் தேடிக்கொண்டிருப்பதே அவர்களைத்தான்."

அடுத்த ஞாயிறு காரை நேராக, மாமாக்கள் இப்போது குடியிருக்கும் பண்டார் தெங்காராவுக்கு விட்டேன். மாமாக்களில் மூத்தவரான ரெங்கன் மாமா, விஷயத்தைக் கேட்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"ரத்தமா? இவ்ளோ நாளு நாம மரத்த வெட்டிப் பாலு எடுத்துக் குடுத்தோம். இப்ப நம்மளயே வெட்டப் பாக்குறாங்களா?"

"திவ்யாவ ஓட விடாம வீட்ல உக்கார வெச்சிருக்காங்க மாமா. நம்ம ஆளுங்க ரத்தம் இருந்தாத்தான் பதிலு கெடைக்குமாம்."

"அது சரிலா. பேரு வெளிய போவுமா? எவனுக்காச்சும் வித்துருவாங்களா? என்னா கண்டுபிடிச்சாங்கன்னு நமக்குச் சொல்வாங்களா?"

நியாயமான கேள்விகள். படித்தவள் என்று பெயர், எனக்கு இதில் ஒன்றுகூடத் தோன்றவில்லை! புவான் ரோஸ்னாவிடம் போய்க் கேட்டேன். பெயருக்குப் பதில் எண், விற்பனை கிடையாது, ஆய்வு முடிந்ததும் நேரில் வந்து விளக்குவோம் என்று ஒப்புதல் படிவத்தையே காட்டினார். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"தமிழ்ல குடுக்கச் சொல்லு. படிக்காம கைநாட்டு வெச்ச காலமெல்லாம் போயிருச்சு."

சபாஷ் மாமா! ஒரு மாதம் இழுத்தது. ஆனால் தமிழில் வந்தது.

போன சனிக்கிழமை பண்டார் தெங்காரா பொது மண்டபத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஆறு மாமாக்களும் வந்தார்கள். அவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் வந்து வரிசையில் நின்றார்கள். கவிதா எல்லோருக்கும் மீகூன் சேமியா பிரட்டி எடுத்து வந்திருந்தாள். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு ரெங்கன் மாமா அவளிடம் வந்தார்.

"பதிலு எப்ப வரும்மா?"

"வருசக்கணக்கா ஆகலாமாம் மாமா."

"அதுவரைக்கும் பிள்ளய உக்கார வெச்சிருவியா? டாக்டரு ஓடலாம்னு சொல்லிட்டாருல்ல?"

"பயமா இருக்கு மாமா..."

"எனக்கும்தான் ஊசின்னா பயம். நாங்க கைய நீட்டிட்டோம். நீ அவ கால விடும்மா."

கவிதா கரண்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். திங்கட்கிழமை சாயங்காலம் திவ்யா திடலில் இருந்தாள். மூன்று சுற்று ஓடினாள். கவிதா பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் திடலை விட்டுப் போகவில்லை.

காகிதம் இன்னமும் 'தெரியவில்லை' என்றுதான் சொல்கிறது. சொல்லட்டும் — அதற்காக எங்கள் வீட்டில் இனி யாரும் உட்கார மாட்டார்கள்.