தனாசிஸ் பெயர் சொல்ல மாட்டார்

கணினியைத் திறப்பதற்கு முன்னால் தனாசிஸ் வாசற்கதவைத் தாழிடுவார். தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பார். பிறகு, முதுகுப் பக்கம் யாரும் வந்து நிற்க முடியாதபடி நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காருவார். குன்றைக் குடைந்து செய்த வீடு அது. அவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டுமென்றால் ஒருவர் பாறைக்குள்தான் நிற்க வேண்டும். இருந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். கடவுச்சொல்லைத் தட்டும்போது இடது கையைக் குடைபோல் விசைப்பலகை மேல் கவிழ்த்துக்கொள்வார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவருடைய மனைவி ஃபோட்டினி, அடுப்பங்கரையில், காப்பி பொங்கி வழியாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பது வருடமாகக் கூட வாழ்கிறவள்தான். ஆனால் நாளைக்கு அவள் யாரோடு பேசுவாள் என்று யாருக்குத் தெரியும்!

ஆஸ்திரேலியப் பாலைவனத்துக் கூபர் பீடியில் ஓபல் என்கிற ரத்தினக் கல்லைத் தோண்டுகிற எவனும் தன் குழியில் என்ன கிடைத்தது என்று வாய் திறக்க மாட்டான். திறந்தால் அன்று ராத்திரியே எவனாவது ஏணி போட்டு இறங்கிவிடுவான். இது எங்கள் ஊர் வழக்கம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனாசிஸ் அந்த வழக்கத்தைச் சாஸ்திரமாக்கியவர். கல் கிடைத்த அன்று இழவு வீட்டு முகத்தோடு கிளப்புக்குப் போவார். கிடைக்காத அன்று மீசையை முறுக்கிக்கொண்டு சிரித்தபடி போவார். ஊர் குழம்ப வேண்டுமாம். பக்கத்துக் குன்றில் குடியிருக்கும் செர்பியக்காரர் பிராங்கோ இந்தச் சூட்சுமத்தை எப்போதோ பிடித்துவிட்டார். தனாசிஸ் கண் கலங்க வந்து நின்றால், "யோவ் கிரேக்கா, மூஞ்சியப் பாத்தா நல்ல வேட்டை போலிருக்கே. இன்னிக்கு பீர் உன் கணக்கு" என்று தோளில் தட்டுவார்.

தனாசிஸுக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. "கூட்டம் தோண்டுற எடத்துலதான் திருடன் மோப்பம் புடிச்சு வருவான். எவனும் எட்டிப் பாக்காத மேட்டுல போய்த் தோண்டு. ஒன்ன எவன் தேடப்போறான்?" ஓபலுக்கு அது பலித்ததோ இல்லையோ, கணினி வாங்கியதும் அதே கொள்கையை அங்கும் கொண்டுபோய் இறக்கினார். உலகமே மூன்று நான்கு உலாவிகளில் போய் வலைப்பக்கம் பார்க்கிறது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது. அத்தனை பேர் போகிற பாதையில் எத்தனை பேர் பதுங்கியிருப்பார்கள்! கணினியோடு வந்த உலாவியை அன்றைக்கே வேரோடு பிடுங்கி எறிந்தார். பல நாள் தேடி, நார்வேயில் இரண்டு மாணவர்கள் பொழுதுபோகாமல் எழுதிய ஓர் உலாவியைக் கண்டுபிடித்தார். உலகத்தில் அதை வைத்திருப்பவர்களை ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம். அதன் பெயர் என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பிராங்கோ ஒருமுறை, "நீ எதுலய்யா இன்டர்நெட் பாக்குற?" என்று கேட்டுவிட்டார். "கண்ணால பாக்குறேன்" என்று பதில் வந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார். குழிக்கு இரும்பு மூடி போட்டவர் காவலுக்கு நாய் வைக்காமல் இருப்பாரா? கடையில் இருந்ததிலேயே பெரிய பாதுகாப்பு மென்பொருளாகப் பார்த்து வாங்கிப் போட்டார். அதற்கு என்ன பெயரோ, அவர் வாயில் அது 'நாய்'தான். இந்த விஷயத்தில் மட்டும் ஊரே வாங்குகிற சரக்கு அவருக்கு வேண்டியிருந்தது. கேட்டால், "நாய் ஊருக்கே தெரிஞ்சதா இருக்கணும். அப்பத்தான் பயப்படுவான்" என்றார்.

அந்த நாய்க்கு ஒரு பழக்கம். கணினிக்கு வருகிற வலைப்பக்கம் எல்லாவற்றையும் கடிதம்போல் வாசலிலேயே பிரித்துப் படிக்கும். தன் முத்திரையை வைத்து மறுபடி ஒட்டி உள்ளே கொடுக்கும். ஊர் அறிந்த உலாவிகளுக்கு அந்த முத்திரை பழகியது, வாங்கிக்கொள்ளும். தனாசிஸின் நார்வே உலாவியோ மகா பத்தினி. முத்திரை மாறிய கடிதத்தைப் பார்த்ததும், 'நடுவில் எவனோ பிரித்திருக்கிறான்' என்று கத்திக் கதவைச் சாத்திக்கொள்ளும். நாய் அதைவிட ஒரு படி மேல். இப்படி ஓர் உலாவியை அது ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஆகவே திருடன் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று முடிவு கட்டி அதன் குரல்வளையைக் கவ்வும். காவல்காரன் வீட்டுக்காரியைத் திருடி என்கிறான். வீட்டுக்காரி காவல்காரனைத் திருடன் என்கிறாள். நடுவில் தனாசிஸ் பரம திருப்தியோடு காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

திருப்திக்குக் காரணம் உண்டு. வாராவாரம் நாய் ஒரு பட்டியல் காட்டும்: 'வாழ்த்துகள்! இந்த வாரம் உங்களை இத்தனை ஆபத்துகளிலிருந்து காப்பாற்றினோம்.' அந்த ஆபத்துகளில் வானிலை அறிக்கை ஒன்று. கிரேக்கச் செய்தித்தாள் ஒன்று. மெல்பர்னிலிருந்து மகள் அனுப்பிய பேத்தியின் ஞானஸ்நானப் படம் ஒன்று. தனாசிஸ் படித்துவிட்டு மனைவியைக் கூப்பிடுவார். "பாத்தியா ஃபோட்டினி, எத்தன பேரு உள்ள நொழையப் பாத்திருக்கான்!"

"பேத்தி மொகத்த நான் இன்னும் பாக்கல தனாசி."

"அது பேத்தின்னு எப்படிச் சொல்ற? பேத்தி மாதிரி வேஷம் போட்டு வருவான்."

ஃபோட்டினி அடுப்பங்கரைக்குத் திரும்பிவிடுவாள். பேத்தியின் முகத்தை விடுங்கள், எந்த முகமும் அவளுக்குச் சரியாகத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. குடைந்த வீட்டில் எந்தச் சுவர் நேராக இருக்கிறது, கோணல் தெரிவதற்கு? கடையில் நேரான அலமாரித் தட்டு அவள் கண்ணுக்குப் பாம்பாக நெளிந்தபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஊர் மருத்துவமனையில் கண்ணைப் படமெடுத்து அடிலெய்டுக்கு அனுப்பினார்கள். அங்கே இருக்கிற கண் மருத்துவர் காணொளியில் பேசி, படத்தைக் காட்டி, என்ன செய்வது என்று சொல்வார். அந்த நேரம் கிடைப்பதற்கு அவள் மாதக்கணக்கில் காத்திருந்தாள். தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அதற்குள் கண் காத்திருக்குமா என்று யாரும் சொல்லவில்லை.

நர்ஸ் கெய்லீன் நல்ல பெண். "இங்கயே வந்துடுங்க, எங்க கம்ப்யூட்டர்ல பேசிக்கலாம்" என்றாள். தனாசிஸ் மறுத்துவிட்டார். தினமும் குழி வாயில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் பார்ப்பவள் ஃபோட்டினி. அவளுக்குக் கண் போகிறது என்று ஊருக்குத் தெரிந்தால் குழி போயிற்று! அன்று ஃபோட்டினிக்கு வந்த கோபத்தில் காப்பிப் பாத்திரம் சுவரில் போய் மோதியது. மென்மையான பாறைதான், பள்ளம் இன்னும் இருக்கிறது. "உனக்குக் குழிதான் பெருசு. என் கண்ணு எவனுக்கு வேணும்!" என்று கத்தினாள். தனாசிஸ் பாத்திரத்தை எடுத்து, கழுவி, இருந்த இடத்தில் வைத்தார். மருத்துவமனைக்குப் போகலாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. ஃபோட்டினி கோயிலுக்குப் போகிறவள்போல் நீலச் சட்டை போட்டு, தலை வாரி, கணினி முன் உட்கார்ந்தாள். மருத்துவர் அனுப்பிய இணைப்பைத் தனாசிஸ் அதுவரை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முன்கூட்டியே திறந்தால் தடம் தெரிந்துவிடுமாம். இப்போது அழுத்தினார். உலாவி கதவைச் சாத்தியது. நாய் சிவப்புப் பலகையைத் தூக்கிக் காட்டியது: 'பெரிய ஆபத்து ஒன்றைத் தடுத்துவிட்டோம்.' வாழ்நாளில் முதல் தடவையாகத் தனாசிஸுக்கு அந்த வாசகம் பிடிக்கவில்லை.

நாய் விற்றவர்களின் உதவி எண்ணை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தொலைபேசியை மேசையில் வைத்தார். மணிலாவிலிருந்து ரொமெல் என்கிற இளைஞன், தேன் தடவிய குரலில் பேசினான்.

"சின்ன விஷயம்தான் சார். ஒரு பத்து நிமிஷம் எங்க ஆன்டிவைரஸ அணைச்சு வையுங்க."

தனாசிஸ் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா! நாயக் கட்டிப்போடச் சொல்றான். திருடன் பேசுற மொத வார்த்தையே இதுதான்."

"ஒண்ணும் தப்பில்ல சார், வேற வழியும் இருக்கு. எங்க முத்திரைய ஒங்க பிரவுசருக்குச் சொல்லிக் குடுத்துடலாம். நீங்க எந்த பிரவுசர் சார்?"

"அது எதுக்கு ஒனக்கு?"

"ஒவ்வொரு பிரவுசர்லயும் ஒவ்வொரு எடத்துல இருக்கும் சார். பேரு தெரிஞ்சாத்தான் வழி சொல்ல முடியும்."

"இருக்குறதுல ஒண்ணு."

"எது சார்?"

"நல்லது."

ரொமெல் பொறுமைசாலி. பிரபலமான உலாவிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னான். தனாசிஸ் ஒவ்வொன்றுக்கும், தன்னை எவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டான் என்கிற தோரணையில், "ச்சீ" என்றார். இந்த நேரம் பார்த்து வெளியே கதவு தட்டப்பட்டது. கொடுத்த ஜாக்கியைத் திருப்பி வாங்க வந்த பிராங்கோ. தனாசிஸ் கையால் 'வேண்டாம், வேண்டாம்' என்று காட்டினார். ஃபோட்டினி எழுந்து போய்த் தாழை நீக்கி, அகலத் திறந்துவிட்டாள்.

"என்னய்யா, கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்து அழுவுற? கல்லு கெடச்சிருச்சா?" என்றபடி உள்ளே வந்த பிராங்கோ, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

ஃபோட்டினியின் தொலைபேசி அடித்தது. கெய்லீன். "டாக்டர் லைன்ல காத்துக்கிட்டிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க. என்னாச்சு அங்க?"

"வர்றோம்னு சொல்லு" என்று ஃபோட்டினி வைத்துவிட்டாள். பிறகு கணவனுக்கு நேர் எதிரே வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் தனாசிஸ் தாங்கிக்கொண்டிருப்பார்.

"இப்ப நீ எப்படித் தெரியற தெரியுமா தனாசி? ஒன் காது தெரியுது. முடி தெரியுது. நடுவுல மூஞ்சி இல்ல."

மேசையில் ரொமெல், "சார், லைன்ல இருக்கீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

தனாசிஸ் பிராங்கோவைப் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்து, பிராங்கோ கேட்கும்படியே, "மூல்ட்டே" என்றார். "பிரவுசர் பேரு மூல்ட்டே. நார்வேக்காரன் செஞ்சது."

"அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்றான் ரொமெல், உண்மையான வியப்போடு. இவ்வளவு காலம் பூட்டிக் காத்த புதையலை உலகத்தில் ஒருவனும் தேடவே இல்லை என்பது தனாசிஸுக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. பிராங்கோவாவது சிரித்திருக்கலாம். அவரும் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நல்ல வேளையாக ரொமெல் கெட்டிக்காரன். அந்தப் பட்டியலைத் திற, இந்தப் பெட்டியில் குறி போடு, முத்திரையை உள்ளே இழு என்று தடவித் தடவி வழி சொன்னான். தனாசிஸ் சொன்னதைச் செய்தார். நாய் ஒருமுறை உறுமிவிட்டுப் படுத்தது. மருத்துவரின் பக்கம், 'இந்த உலாவி எங்களுக்குப் பழக்கமில்லை. எதற்கும் நாங்கள் பொறுப்பில்லை' என்று முகம் சுளித்துக்கொண்டே திறந்தது.

டாக்டர் வின்ஸ்லோ நரைத்த தலையும் நேரான பேச்சும் உள்ள பெண்மணி. ஃபோட்டினியின் கண் படத்தைத் திரை நிறையக் காட்டினார். செக்கச் சிவந்த வட்டம். நடுவில் ஒரு கறை.

"உள்ள ரத்தம் கசியுதும்மா. ஊசி போட்டா நிறுத்திடலாம், இருக்குற பார்வையக் காப்பாத்திடலாம். ஆனா தள்ளிப்போட முடியாது. இந்த வாரமே வாங்க. மொதல் சில மாசம் அடிலெய்டுலயே தங்குறது நல்லது."

"சரி டாக்டர்."

"தனியா சமாளிக்க முடியாதும்மா. கூட யாரு இருப்பாங்க?"

புதுக் குழியில் போன வாரம்தான் பச்சையும் சிவப்புமாகக் கல் தலைகாட்டியிருந்தது. பத்து வருடத்தில் இப்படி ஒரு நிறம் பார்த்ததில்லை. நாலு நாள் ஆளில்லாமல் கிடந்தால் அங்கே வெறும் பொந்துதான் மிஞ்சும். மகளைக் கூப்பிடலாமா, பேருந்தில் தனியாகப் போய்ச் சமாளிக்கலாமா என்று ஃபோட்டினியின் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மருத்துவர் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்.

தனாசிஸ் எழுந்தார். இடுப்புப் பட்டியில் வளையத்தோடு தொங்கிய குழி மூடியின் சாவியைக் கழற்றினார். அது லேசில் வரவில்லை. பல்லால் கடித்து வளையத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. எந்தக் குழி என்று பிராங்கோ கேட்கவில்லை. அது ஆரம்பத்திலிருந்தே அவருக்குத் தெரியும். தனாசிஸ் அவர் முகத்தைப் பார்க்காமல், சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.