பகலில் வாசித்த மவுத் ஆர்கன்

அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம் என்றால் எங்கள் குவார்ட்டர்ஸில் பகல்தான் இரவு. அம்மா குக்கரைத் தொடமாட்டாள். காலிங் பெல்லுக்குள் துணியைத் திணித்துவிடுவாள். எனக்கும் தம்பிக்கும் சண்டை வந்தால் சைகையில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நெய்வேலியில் பாதி வீடுகள் இப்படித்தான். இரவெல்லாம் மைன்ஸில் ராட்சத மெஷின் ஓட்டிவிட்டு வருகிறவரின் தூக்கத்தைக் கெடுப்பதைவிடப் பெரிய பாவத்தை எங்கள் சர்ச்சில்கூடச் சொல்லித் தந்ததில்லை.

அந்தப் பாவத்துக்குப் பயந்துதான் அம்மா தன் மவுத் ஆர்கனைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் போட்டுவைத்தாள் என்பது, அந்த டிசம்பரில் மாமா வரும்வரை எனக்குத் தெரியாது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து பறையோடு வந்து நின்றார். வீடு வீடாகப் பாடிப் போகிற கிறிஸ்துமஸ் கேரலுக்குக் கீபோர்டு வாசிக்கிறவர் ஊரில் இல்லையாம். அக்கா வாசித்தே ஆக வேண்டுமாம். ஹாஸ்டலில் படிக்கும்போது அம்மா பெரிய வாசிப்புக்காரியாம்! என் அம்மாவா?

"அவங்க தூங்கிக்கினு இருக்காங்கடா."

"தோட்டத்துக்கு வாக்கா, மெதுவா ஊதலாம்."

பலா மரத்தடியில் சருகைக் கொளுத்தி மாமா பறையைக் காய்ச்சினார். அம்மா மவுத் ஆர்கனை முந்தானையால் துடைத்துவிட்டு ஊதினாள். வந்தது பாட்டில்லை, இருமல். அவள் முகம் வாடிவிட்டது.

"போச்சுடா. எல்லாம் மறந்துடுச்சு."

"ஒனக்குத்தான் மறந்துடுச்சு. வாய்க்குத் தெரியும். இன்னொரு தபா ஊது."

மாமா விரல் நுனியால் தட்டினார். இருமலுக்கு நடுவே ஒரு சுரம் தப்பித்து வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் அம்மா நிற்கவே இல்லை. மாமா விரலை விட்டுக் குச்சிகளை எடுத்துக்கொண்டார். பறை முன்னே ஓட, மவுத் ஆர்கன் துரத்த, கடைசியில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. காவலுக்கு நின்ற நானே கைதட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அத்தை தலைமுடியை அள்ளி முடிந்தபடி வேலிக்கு ஓடிவந்தார். "ஐயோ, யாருங்க தவறிட்டாங்க?" எங்கள் பிளாக்கில் பறை கேட்டால் அது ஒன்றுதான் அர்த்தம்.

மாமா அடியை நிறுத்தவில்லை. "யாரும் சாவலீங்க! எங்க அக்காதான் உசுரோட எழுந்திருக்குது!"

சமையலறைக் கதவு திறந்தது. லுங்கியோடு அப்பா. கண் இரண்டும் சிவந்திருந்தன. அம்மா மவுத் ஆர்கனை முந்தானைக்குள் மறைத்தாள்.

"எழுப்பிட்டமாங்க? நான் கேரலுக்குப் போவலீங்க. எடுத்து வெச்சிட்றேன்."

அப்பா துவைக்கிற கல்லின் மேல் போய் உட்கார்ந்தார். "பாதியில நிறுத்துனா எப்புடித் தூக்கம் வரும்? முழுசா வாசி."

அந்த வாரம் முழுவதும் தோட்டத்தில்தான் ஒத்திகை. தினமும் அப்பா டீ கிளாஸோடு அதே கல்லில். "எனக்கு இப்பல்லாம் தூக்கமே வர்றதில்ல" என்பார். கேரலன்று அவர் மத்தியான ஷிப்டுக்கு மாறிவிட்டதால் வரவில்லை. அம்மா தெருத்தெருவாக முன்னால் வாசித்துப் போக, நான் ஒவ்வொரு கேட்டிலும் நின்று, "எங்கம்மா!" என்று கத்தினேன். பள்ளியிலும் விடவில்லை. அம்மாவின் பாட்டைக் கேட்டால் தூக்கமே தேவைப்படாது, சந்தேகமிருந்தால் எங்கப்பாவைக் கேளுங்கள் என்று அடித்துச் சொன்னேன்.

போன மாதம் நானும் அதே மைன்ஸில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, என் முதல் நைட் ஷிப்டை முடித்துவிட்டு வந்து படுத்தேன். கண்ணுக்குள் மணல். மின்விசிறிச் சத்தத்துக்கே அழுகை வந்தது. அந்த வாரம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த மனிதர் எதைக் கொடுத்து அந்தப் பாட்டைக் கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.