மூன்று நாள் சொல்லாமல் வைத்திருந்த பதில்

இரண்டாயிரத்து ஆறில் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். அதற்குள் எனக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டு முறையும் நாள் தள்ளிப்போன அன்றே எக்ஸ்ரே அறைப் பக்கம் போவதை நிறுத்தியவள் நான்.

அங்கே நர்ஸாக இருந்த என் சினேகிதி கடற்கரைக்காரி. கறுப்பு மணலிலேயே கதிர்வீச்சு உள்ள ஊர். வயிற்றுவலி என்று வந்தவளுக்கு நான்தான் படம் எடுத்தேன். "ஏட்டி, நாளு தள்ளிப்போயிருக்கா?" என்றதற்கு இல்லை என்றாள். பத்து நாள் கழித்துத்தான் கரு தங்கியிருப்பது தெரிந்தது.

"ஏட்டி, டாக்டர்ட்ட நீயே கேட்டுச் சொல்லு. எனக்குப் பேடியா இருக்கு" என்று பயந்து அழுதாள். தேற்றினேன். ஆனால் அவர் கெட்டதாக ஏதாவது சொல்லட்டும் என்று நினைத்தபடிதான் டாக்டரின் அறைக்குப் போனேன்.

"ஒரு படத்துக்குப் பயப்பட வேண்டாம்" என்றார் அவர். "செல்லுல ரிசப்டர்னு இருக்கு, தகவல் வாங்குற இடம். கதிர் பட்டா பழுதுபார்க்கணுமா, அந்தச் செல்லைக் கைவிடணுமான்னு முடிவாகிறதுல அதுக்கும் பங்கு உண்டு. அதனால ஒரு கரு தாங்குற அளவு இன்னொண்ணு தாங்காதுன்னு எலிகள்ல பார்த்திருக்காங்க. மனுஷங்கள்ல இன்னும் தெளிவில்லை."

"அப்ப என் கருவுக்கு அது சரியில்லையா டாக்டர்?"

"உங்களுக்குக் கலைஞ்சதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க."

நான் முடிச்சுப் போட்டேன். கதிருக்குள் நின்ற அவளுக்குத் தங்கியிருக்கிறது. ஒதுங்கி நின்ற எனக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ரிசப்டர்கூட அவளுக்கு நல்லதாக வாய்த்திருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

"டாக்டரைப் பாக்க முடியல்ல" என்றேன் அவளிடம். மறுநாளும் அதையே சொன்னேன்.

மூன்றாம் நாள் கேன்டீனில் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "கலைச்சிருவமான்னு எங்க வீட்டுக்காரரு கேக்காரு. நானும் சரின்னுட்டேன்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்டி. பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. டாக்டர் அன்னைக்கே சொல்லியாச்சு."

"நெசமாட்டா?"

"நெசமாட்டுதான்."

"அன்னைக்கேவா?"

நான் தலைகுனிந்தேன். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள்.

பெண் பிள்ளை பிறந்தது, ஒரு குறையுமில்லாமல். ஞானஸ்நானத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். வந்தவர்கள் கையிலெல்லாம் பிள்ளையைக் கொடுத்தாள். என் கையில் கொடுக்கவில்லை.